புரதத் தொழிலுக்கு ஒரு பூட்டு

எண்ணூர் முகத்துவாரத்தில் நீர் இறங்கியிருக்கும் வேளையில், இடுப்பளவு நீரில் குனிந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களை இன்றும் காணலாம். கொசத்தலையாறு கடலோடு கலக்கும் இடம் அது. பக்கிங்ஹாம் கால்வாயும் அங்கே வந்து சேர்கிறது. அனல் மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் படிந்து ஆற்றின் ஆழம் குறைந்துபோனாலும், காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம் போன்ற ஊர்களின் மக்கள் அந்த ஆற்றை விட்டுவிடவில்லை. அவர்கள் பிடித்துவரும் இறால் அன்றைக்கே கூறு கட்டி விற்றுப்போகும். வாங்குபவர் பார்ப்பதெல்லாம் அது புதிதா, ஓடு பளபளக்கிறதா என்பதை மட்டுமே.

வடக்கே பொன்னேரி, பழவேற்காடு பக்கத்தில் உப்புநீர்க் குளம் வெட்டி வளர்க்கும் இறாலின் கதை வேறு. அது கடல் கடந்து போக வேண்டியது. பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றும் முன்னர் அதிலிருந்து சிறிதளவு தசை ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. அங்கே தேடப்படும் பொருள்களில் முதலிடம் பெறுவது குளோரம்பெனிகால் என்னும் வேதிப்பொருள். ஒரு கிலோ இறாலில் 0.3 மைக்ரோகிராம் இருந்தாலும் கண்டுபிடிக்கும் திறன் சோதனை முறைக்கு வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் வரையறுத்தது. 2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அந்த அளவை 0.15 மைக்ரோகிராமாகப் பாதியாக்கிவிட்டார்கள். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் குளோரம்பெனிகாலை 6,600 டன் இறாலில் சீராகக் கலந்துவிட்டாலும் சோதனைக் கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். லாரிக்குப் பத்து டன் வீதம் ஏற்றினால் 660 லாரிகள் வேண்டும்! எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த அளவை எளிதாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

இவ்வளவு கெடுபிடி ஒரு கொடிய நஞ்சுக்கு என்றால் வியப்பில்லை. ஆனால் குளோரம்பெனிகால் நஞ்சு என்று பெயரெடுத்த பொருளன்று. டைபாய்டு காய்ச்சலில் படுத்த எண்ணற்றவர்களை எழுப்பி உட்காரவைத்த மருந்து அது. ‘குளோரோமைசெட்டின்’ என்ற வணிகப் பெயரைச் சொன்னால் வீட்டிலுள்ள முதியவர்களுக்கு உடனே நினைவு வரும். கண் சொட்டு மருந்தாகவும் களிம்பாகவும் அது இன்றும் பயன்படுகிறது. உயிரியல் ஆய்வுக்கூடங்களிலோ அது நாள்தோறும் கையாளப்படும் கருவி. உயிரணுவில் புரதம் உருவாவதைத் தடுத்து நிறுத்த வேண்டுமானால் ஆய்வாளர் கை முதலில் நீளும் சில குப்பிகளில் இதுவும் ஒன்று. ஒரே பொருள் மருந்தாகவும், ஆய்வுக் கருவியாகவும், தடை செய்யப்பட்ட பொருளாகவும் ஆனது எப்படி? மூன்றுக்கும் விடை, அது உயிரணுவுக்குள் செய்யும் ஒரே வேலையில் இருக்கிறது.

மண்ணிலிருந்து வந்தது

பெனிசிலினும் ஸ்டிரெப்டோமைசினும் வந்த பிறகு 1940-களில் உலகெங்கும் மண்ணை அள்ளி ஆராயும் மோகம் பரவியது. தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டில் கராகஸ் நகருக்கு அருகே எடுத்த மண்ணில் ஒரு ஸ்டிரெப்டோமைசிஸ் நுண்ணுயிர் கிடைத்தது. மழை பெய்தவுடன் எழும் மண்வாசனைக்குக் காரணமான குடும்பத்தைச் சேர்ந்தது அது. அந்த நுண்ணுயிர் சுரந்த பொருளை அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 1947-இல் அறிவித்தனர். மூலக்கூற்றை ஆராய்ந்தபோது வேதியியலாருக்கு வியப்பு. அதில் இரண்டு குளோரின் அணுக்கள் இருந்தன. பென்சீன் வளையத்தில் ஒரு நைட்ரோ தொகுதியும் ஒட்டியிருந்தது. சாய ஆலையில் எதிர்பார்க்கக்கூடிய இத்தகைய அமைப்பை ஒரு மண் உயிரி செய்து வைத்திருந்தது.

மூலக்கூறு சிறியது; ஆகவே செயற்கையாகச் செய்துவிடலாம் என்று தோன்றியது. மில்ட்ரெட் ரெப்ஸ்டாக் என்ற பெண் வேதியியலறிஞரும் அவருடைய குழுவினரும் 1949-இல் அதைச் செய்துகாட்டினர். நுண்ணுயிரின் உதவியின்றி முழுக்க முழுக்க வேதியியல் முறையில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் எதிருயிரி மருந்து இதுதான். இதில் ஒரு நுட்பம் உண்டு. இதே அணுக்களை இதே வரிசையில் கோத்து, இடவல அமைப்பில் மட்டும் வேறுபட்ட நான்கு உருவங்கள் அமைக்கலாம். நான்கில் ஒன்றுதான் வேலை செய்யும். வலக்கைக் கையுறை இடக்கையில் நுழையாதது போன்ற நிலை. எந்தக் கையில் நுழைய வேண்டும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

மருந்தின் முதற்சோதனைகளில் ஒன்று நம்மவர் ஏராளமாகக் குடியேறியிருந்த மலாயாவில் நடந்தது. 1948-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு ஸ்மேடல், உட்வார்ட் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் இம்மருந்துடன் வந்தனர். அவர்கள் குறிவைத்தது ஸ்கிரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலை. அந்நோய் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்பது பின்னரே தெரிந்தது. அவர்களுக்கும் காய்ச்சல் இறங்கிற்று! அதுவரை டைபாய்டுக்கு மருந்தே இல்லை. மூன்று நான்கு வாரம் காய்ச்சல் தானாக இறங்கும் வரை கஞ்சியும் ஈரத்துணியுமாகக் காத்திருப்பார்கள். நூறு பேரில் பத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோவதும் உண்டு. இம்மருந்து கொடுத்தால் மூன்று நான்கு நாட்களில் வெப்பம் தணிந்தது. குடிநீருக்குக் குடத்துடன் காத்திருக்கும் நகரப் பகுதிகளில் டைபாய்டு என்றால் என்ன என்று அறிந்தவர்களுக்கு இச்செய்தியின் பெருமை விளங்கும்.

ரைபோசோம் என்னும் துறை

இனி, உயிரணுவுக்குள் நுழைவோம். நம் தசை, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், உணவைச் செரிக்கும் நொதிகள் எல்லாமே புரதங்கள். இருபது வகை அமினோ அமிலங்களைக் குறித்த வரிசையில் கோத்த மாலைகளே அவை. வரிசையைச் சொல்வது டி.என்.ஏ. ஆனால் டி.என்.ஏ. நேரே வேலைக்கு வருவதில்லை. தேவையான பகுதிக்கு ஒரு நகல் எடுத்து அனுப்புகிறது. அந்த நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அந்த நகலைப் படித்து மாலை கோக்கும் பொறிதான் ரைபோசோம். வேகமாக வளரும் ஒரு பாக்டீரியாவுக்குள் பல பதினாயிரம் ரைபோசோம்கள் இருக்கும். ஒவ்வொன்றும் நொடிக்குப் பதினைந்து இருபது அமினோ அமிலங்களைக் கோத்துவிடும்.

இப்பொறியை ஒரு துறைமுகமாகக் கருதலாம். அமினோ அமிலம் என்னும் சரக்கைச் சுமந்துவரும் கலங்களுக்கு மாற்று ஆர்.என்.ஏ. என்று பெயர். ரைபோசோமில் அருகருகே மூன்று துறைகள் இருக்கின்றன. புதிதாக வரும் கலம் முதல் துறையில் நுழைகிறது. நடுத் துறையில் நிற்கும் கலத்தின் மேல், இதுவரை கோத்த மாலை முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும். மாலையின் நுனி பழைய கலத்தை விட்டுப் புதிய கலத்தின் சரக்கோடு இணைகிறது. இப்போது மாலை ஒரு மணி நீண்டுவிட்டது. எல்லாக் கலங்களும் ஒரு துறை நகர்கின்றன. சரக்கிழந்த கலம் மூன்றாம் துறை வழியாக வெளியேறுகிறது. முதல் துறை காலியாகி, அடுத்த கலத்துக்கு இடம் கிடைக்கிறது.

மாலையும் மணியும் இணையும் அந்த ஓரிடம்தான் பொறியின் இதயம். குளோரம்பெனிகால் போய் உட்காருவதும் அங்கேதான். முதல் துறையில் புதிய கலம் தன் சரக்கை நீட்ட வேண்டிய சிறு பள்ளத்தில், மருந்தின் மூலக்கூறு கச்சிதமாக அமர்ந்துகொள்கிறது. நான்கு உருவங்களில் ஒன்றுதான் வேலை செய்யும் என்றோமே, அந்தக் கையுறை நுழையும் கை இந்தப் பள்ளம்தான். பெரிய கப்பல் அணையும் இடத்தில் ஒரு கட்டுமரத்தை நங்கூரமிட்டு நிறுத்தியது போல! கப்பல் உடையவில்லை, துறையும் உடையவில்லை, ஆனால் சரக்கு மட்டும் இறங்காது. கோத்த வரையில் மாலை தொங்கிக்கொண்டே நிற்கும்.

இப்படி நின்றுபோன பாக்டீரியா பெரும்பாலும் உடனே சாவதில்லை, வளராமல் நிற்கிறது. மருந்தைக் கழுவி நீக்கினால் மீண்டும் வளரத் தொடங்கும். வடசென்னைத் தொழிலாளர் மொழியில் சொன்னால் இது ஆலையை இடிப்பதன்று, வேலை நிறுத்தம். நின்றுபோன கிருமிகளை நம் உடலின் வெள்ளணுக்கள் வந்து ஒழிக்கின்றன. ஆகவே, நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு இவ்வகை மருந்து மட்டும் போதாமற்போகலாம்.

இவ்விவரங்களைக் கண்ணால் பார்ப்பது போல அறிந்துகொண்டது அண்மைக் காலத்தில்தான். ரைபோசோமைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிரைச் செலுத்தி, அதன் இலட்சக்கணக்கான அணுக்களின் இருப்பிடத்தைக் கண்டறிந்ததற்காக 2009-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. அவர்களில் ஒருவர் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். ரைபோசோமின் சிறிய பாதியின் அமைப்பையும், ஸ்டிரெப்டோமைசின் போன்ற மருந்துகள் அதில் எங்கே ஒட்டுகின்றன என்பதையும் 2000-ஆம் ஆண்டில் அவருடைய குழு காட்டியது. குளோரம்பெனிகால் ஒட்டுவது பெரிய பாதியில். அப்பாதியைத் துலக்கியவர்கள் மற்ற இருவரான தாமஸ் ஸ்டைட்சும் ஆடா யோனத்தும். மருந்து அமர்ந்த நிலையில் எடுத்த முதல் படம் யோனத் குழுவினரிடமிருந்து 2001-இல் வந்தது. ஸ்டைட்ஸ் குழுவும் வேறொரு குழுவும் 2010-இல் அதை மேலும் திருத்தமாக வெளியிட்டன.

கதை அத்துடன் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2016-இல் சிகாகோ ஆய்வாளர்கள் ஒரு புதுமையைக் கண்டனர். இம்மருந்து ஒவ்வொரு மணியையும் தடுப்பதில்லையாம். மாலையின் கடைசிக்கு முந்தைய மணி அலனின் என்னும் அமினோ அமிலமாக இருந்தால்தான் தடை மிக வலுவாக இருக்கிறது. செரின், திரியோனின் ஆகியவை இருந்தாலும் ஓரளவு நிற்கும். மற்ற இடங்களில் ரைபோசோம் எப்படியோ கடந்துபோய்விடுகிறது. காரணம், அந்த அலனின் பள்ளத்தில் மருந்தின் மேல் சாய்ந்து அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. எழுபது ஆண்டுகள் பாடநூலில் ‘புரதச் சேர்க்கையைத் தடுக்கும்’ என்று ஒரு வரியில் சொல்லிவந்த பொருளுக்குள் இவ்வளவு நுட்பம் ஒளிந்திருந்தது. பாடநூலின் ஒற்றை வரிகளை மாணவர்கள் கொஞ்சம் சந்தேகத்துடனேயே படிப்பது நல்லது.

ஆய்வுக்கூடத்துக் குப்பி

நம் உடலணுக்களிலும் ரைபோசோம்கள் உண்டு. அவற்றை ஏன் இம்மருந்து நிறுத்துவதில்லை? நம்முடையவை அளவில் பெரியவை. 80எஸ் என்று அவற்றைக் குறிப்பார்கள். பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ். அந்த முக்கியமான பள்ளத்தின் வடிவமும் இரண்டிலும் சற்றே மாறுபட்டது. கட்டுமரம் பாக்டீரியாவின் துறையில் பொருந்தும். நம் துறையில் பொருந்தாது. இந்தச் சிறு வேறுபாட்டின் மேல்தான் புரதத் தடை மருந்துகளின் வைத்தியமே நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான பொருளும் உண்டு. சைக்ளோஹெக்சிமைடு என்று பெயர். அதுவும் ஒரு ஸ்டிரெப்டோமைசிஸ் தந்த பொருளே. 1940-களில் அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனத்தில் ஆல்மா விஃபன் என்ற ஆய்வாளர் அதைக் கண்டார். அது நம் உயிரணுக்களின் பெரிய ரைபோசோமை நிறுத்தும், பாக்டீரியாவைத் தொடாது. ஆகவே மருந்தாக அதை மனிதருக்குக் கொடுக்க முடியாது. ஆனால், இவ்விரண்டு குப்பிகளும் ஓர் ஆய்வாளரின் மேசையில் அருகருகே இருந்தால், அவர் உயிரணுவை நுட்பமாகக் கேள்வி கேட்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். நம் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்டிரியா என்னும் சிறு உறுப்புகள் உள்ளன. உணவிலிருந்து ஆற்றல் எடுப்பது அங்கேதான். அவற்றுக்குத் தமக்கென்று டி.என்.ஏ.வும் ரைபோசோமும் உண்டு. அப்படியானால் அவற்றிலுள்ள புரதங்களை அவையே செய்துகொள்கின்றனவா, வெளியிலிருந்து வாங்குகின்றனவா? உயிரணுக்களை இரண்டு கிண்ணங்களில் வளர்த்து, கதிரியக்கமுள்ள அமினோ அமிலத்தைக் கொடுத்தார்கள். ஒரு கிண்ணத்தில் சைக்ளோஹெக்சிமைடு, மற்றொன்றில் குளோரம்பெனிகால். முதற் கிண்ணத்தில் உயிரணுவின் பொது ஆலை நின்றுவிடும். அதன் பிறகும் கதிரியக்கம் ஏறிய புரதங்கள் எவையோ, அவை மைட்டோகாண்டிரியாவின் சொந்தத் தயாரிப்பு. இரண்டாவதில் அந்தச் சொந்தத் தயாரிப்பு மட்டும் நிற்கும். ஏனெனில் மைட்டோகாண்டிரியாவின் ரைபோசோம் குளோரம்பெனிகாலுக்கு வணங்கும் வகை. பாக்டீரியாவின் ரைபோசோமுக்கு உறவு. மிகப் பழங்காலத்தில் வேறோர் உயிரணுவுக்குள் குடியேறிய பாக்டீரியாவே மைட்டோகாண்டிரியாவின் மூதாதை என்று லின் மார்குலிஸ் 1967-இல் வற்புறுத்தியபோது பலர் சிரித்தனர். அந்தக் கருத்துக்கு வலுச்சேர்த்த சான்றுகளில் இதுவும் ஒன்று. மனிதரின் மைட்டோகாண்டிரியா 13 புரதங்களை மட்டும் தானே செய்துகொள்கிறது. எஞ்சியவை எல்லாம் இறக்குமதிச் சரக்கு என்பது இன்று தெளிவாகத் தெரியும்.

வேறு பயன்களும் பல. பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிடு என்னும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் உண்டு. குளோரம்பெனிகால் கொடுத்தால் பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ. பெருகுவது நின்றுவிடும், ஏனெனில் ஒவ்வொரு முறையும் அதற்குப் புதிய புரதம் தேவை. சிலவகைப் பிளாஸ்மிடுகளுக்கோ இருக்கும் நொதிகளே போதும். ஆகவே அவை மட்டும் பெருகி, ஓர் உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கில் குவியும். 1970-களில் மரபணுப் பொறியியல் தொடங்கிய நாட்களில் டி.என்.ஏ.வைத் தேவையான அளவு சேர்க்க இந்தத் தந்திரம் பெரிதும் கைகொடுத்தது. ஆய்வுக்கூடத்தில் இதைச் சாராயத்தில் கரைத்து வைப்பார்கள். நீரில் எளிதில் கரையாது. கசப்போ சொல்லி முடியாது. அதனால்தான் குழந்தைகளுக்கான மருந்தில் கசப்பற்ற பால்மிடேட் வடிவத்தைச் சேர்த்தார்கள்.

எலும்பு மச்சையில் விழுந்த அடி

மைட்டோகாண்டிரியாவைப் பற்றிச் சொன்னது ஆய்வாளருக்கு வாய்ப்பு, நோயாளிக்கு ஆபத்து. நம் எலும்பு மச்சை நொடிக்குச் சுமார் இருபது இலட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. ஓயாமல் பிரியும் அந்த அணுக்களுக்கு மைட்டோகாண்டிரியாவின் உழைப்பு மிகுதியாக வேண்டும். அதிக அளவில், அதிக நாள் குளோரம்பெனிகால் கொடுத்தால் மச்சையின் வேலை மந்தமாகி இரத்த அணுக்கள் குறைகின்றன. மருந்தை நிறுத்தினால் இது சரியாகிவிடும்.

மற்றொரு கேடு அப்படிப்பட்டதன்று. 1950-ஆம் ஆண்டிலிருந்து ஆங்காங்கே சில நோயாளிகளின் மச்சை முற்றிலும் வறண்டுபோவதை மருத்துவர்கள் காணத் தொடங்கினர். இதற்கு அப்பிளாஸ்டிக் இரத்தசோகை என்று பெயர். மருந்து உண்டவர்களில் ஏறத்தாழ 20,000 முதல் 40,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. மருந்தின் அளவுக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. மருந்தை நிறுத்திச் சில வாரம், சில மாதம் கழித்தும் வரலாம். வந்தவர்களில் பெரும்பாலோர் அந்நாளில் பிழைக்கவில்லை. இதற்கு அந்த நைட்ரோ தொகுதியே காரணம் என்று பலர் கருதுகின்றனர். அத்தொகுதி இல்லாத நெருங்கிய உறவு மருந்துகளில் இக்கேடு காணப்படாதது இக்கருத்துக்கு ஆதரவு. 1952-இல் அமெரிக்க அரசு எச்சரிக்கை விடுத்தது. 1959-இல் பிறந்த குழந்தைகளைப் பற்றிய செய்தி வந்தது. இம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் திறன் பச்சிளங் குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் வருவதில்லை. மருந்து உடலில் தேங்கி, மேனி சாம்பல் நிறமாகிக் குழந்தை இறந்துபோகிறது. ஆனாலும் டைபாய்டுக்கு மாற்று மருந்து இல்லாத நாடுகள் இதைக் கைவிடவில்லை. பத்தில் ஒருவரைக் கொல்லும் நோய்க்கும், இருபதாயிரத்தில் ஒருவரைக் கொல்லும் மருந்துக்கும் இடையே அவர்கள் செய்த முடிவு தவறு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சளிக்கும் தொண்டைவலிக்கும் இதை வாரி வழங்கியதுதான் மன்னிக்க முடியாதது.

பாக்டீரியாவும் சும்மா இருக்கவில்லை. 1967-இல் வில்லியம் ஷா என்பவர் ஒரு நொதியைக் கண்டறிந்தார். அது குளோரம்பெனிகாலின் மேல் ஓர் அசிட்டைல் தொகுதியை ஒட்டிவிடுகிறது. கட்டுமரத்தில் ஒரு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் அது குறுகிய துறையில் நுழையுமா? இந்நொதிக்கான மரபணு பிளாஸ்மிடு வளையத்தில் ஏறி ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது. 1972-இல் நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியது. அதே ஆண்டு மெக்சிகோவிலும் பெரிய அளவில் பரவியது. இரண்டு இடங்களிலும் குளோரம்பெனிகால் பலிக்கவில்லை. கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியின் பணிக்கர், விமலா ஆகியோர், அங்குக் கிடைத்த டைபாய்டுக் கிருமியின் எதிர்ப்பாற்றல் பிற பாக்டீரியாவுக்குத் தாவக்கூடியது என்பதைக் காட்டி, அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினர். 1990-களில் இந்தியாவெங்கும் டைபாய்டுக்கு வேறு மருந்துகளைத் தேட வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், பயன்பாடு குறைந்து பல ஆண்டுகள் ஆன பின், இந்திய மருத்துவமனைகளில் கிடைக்கும் டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை மீண்டும் இப்பழைய மருந்துக்கு வணங்குகின்றன. எதிரியே வராத கோட்டைக்குக் காவல் எதற்கு என்று கிருமி எண்ணிற்று போலும்!

குளத்தில் ஊற்றிய மருந்து

இறாலுக்குத் திரும்புவோம். 1990-களின் தொடக்கத்தில் தமிழகக் கடற்கரையில் இறால் பண்ணைகள் வேகமாகப் பெருகின. நெருக்கமாக வளர்த்தால் நோய் வரும். பொரிப்பகங்களில் குஞ்சு இறால்களை விப்ரியோ என்னும் பாக்டீரியா கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதற்குக் குளோரம்பெனிகால் மலிவாகக் கிடைத்த மருந்து, பலனும் கண்டது. பிறகு 1994-95-இல் கிழக்குக் கடற்கரையை வெள்ளைப்புள்ளி நோய் தாக்கியது. சில நாட்களில் குளமே காலியாயிற்று. கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்களின் பதற்றத்தைச் சொல்லவேண்டியதில்லை. கண்ணில் பட்ட மருந்தையெல்லாம் குளத்தில் கொட்டிப் பார்க்கத் தோன்றுவது இயல்பு.

ஆனால் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். இதுவரை படித்தவர்கள் அடுத்த வரியைத் தாமே சொல்லிவிடலாம். வைரசுக்குச் சொந்த ரைபோசோம் கிடையாது. இறாலின் உயிரணுவுக்குள் புகுந்து, இறாலின் ரைபோசோமையே தனக்காக உழைக்கச் செய்கிறது. அதுவோ நம்முடையதைப் போன்ற 80எஸ் வகை. குளோரம்பெனிகால் அதில் பொருந்தாது. அப்படிப் பொருந்தும் மருந்து ஒன்றைப் போட்டால் வைரசோடு இறாலும் சாகும். ஆகவே, குளத்தில் கொட்டிய பணம் நீரோடு போயிற்று. குளத்து மண்ணிலிருந்த பாக்டீரியாக்கள் எதிர்ப்பாற்றலைப் பயின்றதுதான் மிச்சம்.

உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் இம்மருந்தை ஐரோப்பா 1994-இலேயே தடை செய்திருந்தது. சோதனைக் கருவிகள் கூர்மையானபோது, 2001-02-இல் ஆசிய நாடுகளிலிருந்து போன இறாலில் மருந்தின் எச்சம் அகப்பட்டது. சரக்குகள் திருப்பப்பட்டன. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான சட்டம் இந்தியாவில் வந்தது. பண்ணைகளில் பயன்படுத்தக்கூடாத மருந்துகளின் பட்டியலில் குளோரம்பெனிகால் இடம்பெற்றது. 2025 மார்ச்சில், உணவுக்கான எந்த விலங்கு வளர்ப்பிலும் பயன்படுத்தும் பொருட்டு இதைத் தயாரிப்பதையும் விற்பதையும் மைய அரசு தடை செய்தது.

இத்தனை சிறிய எச்சத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. டைபாய்டு நோயாளிக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 கிராம் வரை கொடுத்தார்கள். கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் கொண்ட இறாலின் மூலம் 2 கிராம் பெற வேண்டுமானால் ஒருவர் 66 இலட்சம் கிலோ தின்றாக வேண்டும்! ஆனால் மச்சை வறளும் நோய் அளவைப் பொறுத்து வருவதன்று என்று முன்பே கண்டோம். ‘இதற்குக் கீழே அஞ்ச வேண்டாம்’ என்று ஓர் எல்லை வகுக்க உலக உணவு, சுகாதார அமைப்புகளின் வல்லுநர் குழுவால் இயலவில்லை. எல்லை வகுக்க இயலாதபோது, கருவியால் காணக்கூடிய மிகச்சிறு அளவே சட்டமாகிவிடுகிறது. கருவி கூர்மையாகும்தோறும் சட்டமும் கூர்மையாகும். 0.3 பின்னர் 0.15 ஆனதன் உட்பொருள் இதுதான். இறால் திடீரென்று இருமடங்கு கெட்டுப்போய்விடவில்லை.

இதனால் சில சங்கடங்களும் உண்டு. இறால் உரிக்கும் கூடங்களில் நாள் முழுதும் ஐஸ் நீரில் கைவைத்து வேலை செய்யும் பெண்களின் விரல்கள் ஊறிப்போகும். இறாலின் கொம்பு குத்திப் புண்ணாகும். அந்தப் புண்ணுக்குக் குளோரம்பெனிகால் களிம்பைத் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்தால், குளத்தில் ஒரு சொட்டு மருந்தும் காணாத இறாலில் எச்சம் ஏறிவிடும். நூற்றுக்கு ஒரு பங்கு மருந்துள்ள களிம்பில் ஒரு கிராம் என்பது 10,000 மைக்ரோகிராம் மருந்து. அதில் நூறில் ஒரு பங்கு கையிலிருந்து கழுவப்பட்டால் போதும், நூற்றுக்கணக்கான கிலோ இறால் எல்லையைத் தாண்டிவிடும். கையுறை கொடுக்கவேண்டியதும், புண்பட்டவருக்கு அன்றைக்கு வேறு வேலை தரவேண்டியதும் கூடத்தை நடத்துபவரின் பொறுப்பு. கூலி வெட்டுப்படும் என்று அஞ்சும் பெண் தன் புண்ணை மறைக்கத்தான் செய்வாள்.

இன்னொன்று. 2010-ஐ ஒட்டி நெதர்லாந்து ஆய்வாளர்கள் சில புல்வகைகளிலும் மூலிகைகளிலும் குளோரம்பெனிகால் இருக்கக் கண்டனர். யாரும் தெளித்ததன்று. மண்ணிலுள்ள ஸ்டிரெப்டோமைசிஸ் இதைச் செய்ய, செடி வேரால் உறிஞ்சிக்கொள்கிறது. வெனிசுவேலாவின் மண்ணில் அகப்பட்ட அதே தொழில், உலகின் பல மண்களில் அமைதியாக நடந்துகொண்டிருக்கிறது.

ஆய்வுக்கூடக் கருவியின் திரையில் குளோரம்பெனிகாலின் முகடு எழுந்தால் அந்தப் பெட்டி கப்பல் ஏறாது. அது பொரிப்பகத்தில் கலந்ததா, குளத்தில் ஊற்றியதா, உரித்தவர் விரலிலிருந்து வந்ததா என்பதைக் கருவி சொல்லாது. பண்ணையின் பதிவேட்டையும் கூடத்தின் பதிவேட்டையும் புரட்டித்தான் தேட வேண்டும்.